பாதி இட்லி

ஸ்லீவ் அறுவை சிகிச்சை முடிந்து எட்டாவது வாரம். பாதி இட்லி சாப்பிட்டதும் அக்கா, "போதும்டா" என்றாள். அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "இதுக்காடி ஆப்பரேஷன் பண்ணிக்கிட்ட?"

அம்மாவுக்கு நான் சொன்ன விளக்கம் இது. இரைப்பையில் ஏறக்குறைய 80 சதவீதத்தை வெட்டி எடுத்துவிடுகிறார்கள். மிச்சம் இருப்பது வாழைப்பழம் மாதிரி ஒரு குழாய். பசியைத் தூண்டும் கிரெலின் பெரும்பாலும் வெட்டியெடுத்த பகுதியில்தான் சுரக்கும். அதனால் பசியும் குறைகிறது.

ஆனால் கை பழைய வேகத்திலேயே போகும். சிக்கல் அங்கேதான். ஒரு வாய் கூடினால் நெஞ்சு அடைக்கும், வாந்தி வரும். வாந்தி தொடர்ந்தால் வைட்டமின் பி1 குறைந்து நரம்பே பாதிக்கப்படலாம். "ஆப்பரேஷன் பண்ணா அப்படித்தான்" என்று விட்டுவிடக் கூடாது, உடனே டாக்டரைப் பார்க்கணும்.

இடம் சின்னது, அதனால் வரிசை முக்கியம். முதலில் முட்டை, மீன், பனீர், பருப்பு. நாளைக்கு 60 கிராம் புரதமாவது உள்ளே போகணும். சோறு, இட்லி கடைசியில். நன்றாக மென்று சாப்பிடணும். தண்ணீர் சாப்பாட்டோடு வேண்டாம், அரை மணி நேரம் கழித்து. பி12 உள்ளிட்ட வைட்டமின்கள் ஆயுள் முழுக்க.

அம்மா இப்போது முட்டையைத்தான் முதலில் வைக்கிறாள். "இன்னொண்ணு வச்சுக்கோ" என்பதை நிறுத்தத்தான் நாளாகிறது.