ஒரு ஷில்லிங்குக்கு நிற்க இடம்

'இசைக்கு எல்லை கிடையாது' என்று யாராவது ஆரம்பித்தால் எனக்குச் சந்தேகம் வந்துவிடும். எல்லையைக் காவல் காக்கிறவனும் அதையேதான் சொல்கிறான். லண்டனில் கோடைதோறும் எட்டு வாரம்போல நடக்கிற, பல தேசத்து இசைக்குழுக்களும் வந்து வாசிக்கிற 'ப்ராம்ஸ்' விழாவை இந்தச் சந்தேகத்தோடு கொஞ்சம் பார்ப்போம்.

1895 ஆகஸ்ட் 10இல் குவீன்ஸ் ஹாலில் தொடங்கியது. யோசனை ராபர்ட் நியூமன் என்கிற மேலாளருடையது. இசைக்குழுவை நடத்திய ஹென்றி வுட்டுக்கு வயசு 26. பணம் போட்டவர் ஜார்ஜ் காத்கார்ட், தொண்டை வைத்தியர். வாத்தியங்களைக் கண்டத்தில் வழங்கும் தாழ்ந்த சுருதிக்கு மாற்ற வேண்டும் என்பது அவருடைய நிபந்தனைகளில் ஒன்று. இங்கிலாந்தின் உயர்ந்த சுருதி பாடகர் தொண்டையைக் கெடுக்கிறதாம். (மூலதனம் எந்த வழியாக வந்து சுருதியைத் தீர்மானிக்கிறது பாருங்கள்!) நிற்பதற்கு ஒரு ஷில்லிங். தின்னலாம், குடிக்கலாம், புகைக்கலாம். பாட்டு நடக்கும்போது தீக்குச்சி உரசக்கூடாது, அவ்வளவுதான்.

முதலில் ஜனங்களுக்குப் பிடித்ததைக் கொடு, அப்புறம் படிப்படியாக 'உயர்ந்ததை' ஊட்டு என்பது நியூமனின் திட்டம். காசில்லாதவனுக்கு நல்ல இசை கிடைத்தது நிஜம். எது உயர்ந்தது என்று தீர்மானிக்கிற அதிகாரம் மேடைக்காரன் கையிலேயே இருந்தது என்பதும் நிஜம். 'பூர்ஷ்வா கலை' என்று ஒரே சொல்லில் தள்ளிவிடுகிற நம்ம தோழர்கள் ஒன்றைக் கவனிக்கணும்: இன்றைக்கும் அங்கே மலிவு டிக்கெட்காரர்கள்தான் மேடைக்கு முன்னால், ஆகக் கிட்டத்தில் நிற்கிறார்கள் (கொஞ்சம் பேர் கூரையடி மாடத்தில்). கூடக் கொடுத்தவர் அவர்களுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறார்.

எனக்கு முக்கியமாகப் படுவது எட்கர் ஸ்பேயரின் கதை. 1902இல் நியூமன் திவாலானபோது விழாவைத் தூக்கி நிறுத்திய வங்கியாளர். ஜெர்மன் யூதப் பெற்றோருக்கு நியூயார்க்கில் பிறந்து பிரிட்டிஷ் குடியுரிமை பெற்றவர். 1914இல் போர் வந்தது. 'ஜெர்மன் சங்கீதத்தை நிறுத்து' என்று கூச்சல். திங்கட்கிழமை வாக்னர் இரவு ஒன்றை மாற்றினார்கள். பிறகு, மகத்தான இசை உலகத்தின் பொதுச் சொத்து என்று நியூமன் அறிவிக்க, வாக்னர் திரும்பி வந்துவிட்டார். ஸ்பேயர்? துரோகி என்று பத்திரிகைகள் துரத்த, 1915இல் குடும்பத்தோடு அமெரிக்காவுக்குக் கப்பலேறினார். 1921இல் குடியுரிமையும் பறிபோயிற்று. யூதர்கள் மேல் வன்மத்தைக் கக்கி 1850இல் கட்டுரை எழுதிய வாக்னர் உள்ளே. அவர் இசைக்கு வருஷக்கணக்காக நஷ்டம் தாங்கிய யூதர் வெளியே. பொதுச் சொத்து என்றால் அதில் யாருக்குப் பங்கு என்று அப்போது ஒருத்தரும் கேட்கலை.

1927இல் பிபிசி விழாவை எடுத்துக்கொண்டது. 1941 மே மாதம் குண்டுவீச்சில் குவீன்ஸ் ஹால் எரிய, ராயல் ஆல்பர்ட் ஹாலுக்கு மாறினார்கள். கடைசி இரவில் கொடியாட்டலும் 'ரூல் பிரிட்டானியா'வும் என்கிற சடங்கு இப்போதைய வடிவத்துக்கு வந்தது இரண்டாம் உலகப்போருக்குப் பிறகுதான், மால்கம் சார்ஜென்ட் காலத்தில். ஆதி மரபு என்று சொல்றதெல்லாம் பெரும்பாலும் இப்படித்தான், தாத்தா காலத்தைத் தாண்டாது. தாமஸ் ஆர்ன் 1740இல் மெட்டமைத்த பாட்டு அது. பிரிட்டிஷார் ஒருகாலும் அடிமையாக மாட்டார்கள் என்கிறது. அந்த வருஷங்களில் பிரிட்டிஷ் கப்பல்கள் ஆப்பிரிக்கர்களை அடிமைகளாக ஏற்றி அட்லாண்டிக்கைக் கடந்துகொண்டிருந்தன.

1990இல் வளைகுடாப் போர் நெருங்கிய நேரம். போர் மூண்டால் இந்தப் பாட்டுகள் பொருந்துமா என்று, கடைசி இரவை நடத்தவிருந்த மார்க் எல்டர் கேட்டார். பிபிசி அவரை மாற்றிவிட்டது. 2020இல் சொற்களை விட்டுவிட்டு மெட்டை மட்டும் வாசிப்போம் என்று பிபிசியே சொன்னது. பிரதமர் போரிஸ் ஜான்சன் வரைக்கும் கொதித்தார்கள். புதுத் தலைமை இயக்குநர் வந்ததும் சொற்கள் திரும்பின. கோவிட் காலம். முன்னால் நிற்கிறவர்கள் எவருமில்லாத அந்தப் பெரிய அரங்கில், பாடகர்கள் சிலர் தள்ளித்தள்ளி நின்று அதைப் பாடினார்கள்.