அன்னையின் அழுகை

இத்தாலிய இசைஞர் பெர்கொலேசி 1736-இல், தம் 26-ஆம் வயதில், மரணத்திற்குச் சற்றுமுன் இயற்றியது 'ஸ்தாபாத் மாத்தெர்'. சிலுவையடியில் நின்ற வியாகுல அன்னையைப் பாடும் இலத்தீன் கீதத்தைப் பன்னிரு பகுதிகளாக இசைத்தார். தொடக்கத்தில் இரு குரல்கள் ஒன்றோடொன்று உரசிப் பின் இணங்கும், விம்மலே இசையாகும். இடையே தனிக்குரல்கள் மாறிமாறி வரும். ஈற்றில் விண்ணக மகிமையை வேண்டி, 'ஆமென்' விரைந்தெழும்.

கழுகுமலைக்கு அருகே, காமநாயக்கன்பட்டியில் பணியாற்றிய இத்தாலியரான வீரமாமுனிவரும் (1680–1747) அத்துயரையே 'அன்னை அழுங்கல் அந்தாதி' எனத் தமிழில் யாத்தார். அந்தாதியில் ஒரு பாட்டின் முடிவே அடுத்ததன் தொடக்கம். கண்ணீர் அறாது ஒழுகுவதுபோல!

பிள்ளையை இழந்த தாய் ஒப்பாரி வைக்கையில், "விசுவாசி அழலாமா?" என்று அடக்குவோர் நம் கரிசல் ஊர்களில் உளர். அன்பர்களே, திருச்சபை அன்னையின் அழுகையை அடக்கவில்லை, பாடலாக்கிப் போற்றிற்று. அத்தாய் அழட்டும், நாம் அருகில் நிற்போம்.