விழிஞ்ஞத்துக் கரையேறிய பாரந்தூக்கிகள்

திருவனந்தபுரத்துக்குத் தெற்கே கடலோரத்தில் இருக்கும் விழிஞ்ஞம் தமிழருக்குப் புதிய ஊரன்று. ஆய் மன்னர்களின் துறைமுகமாக விளங்கி, பாண்டியரும் சோழரும் படையெடுத்துப் பிடித்த பட்டினம் அது. கலிங்கத்துப் பரணியைப் பயின்ற அன்பர்கள் அப்பெயரை மறந்திருக்கமாட்டார்கள். அங்கே இன்று நடைபெறுவதும் ஒருவகைப் போர்தான். வாளும் வேலும் இல்லாத வாணிபப் போர்.

2023-ஆம் ஆண்டு அக்டோபர் 15-ஆம் நாள் அத்துறைமுகத்தில் ஒரு கப்பலுக்கு வரவேற்பு விழா நடந்தது. சீனாவிலிருந்து வந்த அக்கப்பலின் பெயர் ஜென் ஹுவா 15. அதில் பயணிகள் இல்லை; வழக்கமான சரக்கும் இல்லை. கிரேன் என்று நாம் வழங்கும் பாரந்தூக்கிகளே அதன் மேல்தளத்தில் நின்றன. திருவிழாத் தேரைக் கழற்றாமல், கலசம் முதல் சக்கரம் வரை அப்படியே தோணியில் ஏற்றிக் கொணர்ந்தால் எப்படி இருக்குமோ, அப்படி இருந்தது அக்காட்சி. முதல் தவணையாகக் கப்பலிலிருந்து சரக்குப் பெட்டி இறக்கும் பாரந்தூக்கி ஒன்றும், பெட்டிகளை முற்றத்தில் அடுக்கும் பாரந்தூக்கிகள் இரண்டும் வந்தன. முதற்கட்டத்துக்கு வேண்டியவை முன்னதில் 8, பின்னதில் 24, ஆக 32.

இவற்றைச் செய்து அனுப்பியது ஷாங்காய் நகரத்து ஜென்ஹுவா கனரக யந்திர நிறுவனம். அது தோன்றியதே 1992-இல்தான். சரக்குப் பெட்டி தூக்கும் முதல் துறைமுகப் பாரந்தூக்கியோ 1959-இல் அமெரிக்காவில், கலிபோர்னியாவின் அலமேடாவில் நிறுவப்பட்டது. அதனைச் செய்த பாசெக்கோ நிறுவனம் அத்தொழிலுக்கே முன்னோடி. பின்னர் ஜப்பானியரும் கொரியரும் ஐரோப்பியரும் களத்தில் இறங்கினர். இத்தனை மூத்தோர் இருக்க, நேற்றுப் பிறந்த ஷாங்காய்க்காரர் இன்று உலகச் சந்தையில் ஏறத்தாழ 70 சதவீதத்தைக் கைக்கொண்டது எங்ஙனம்?

மலிவான எஃகும் அரசின் ஆதரவும் காரணம் என்பர். அது மெய்யே; ஆனால் முழு மெய்யன்று. முற்காலத்தில் பாரந்தூக்கியை உறுப்பு உறுப்பாகக் கப்பலில் அனுப்பி, வாங்கியவர் துறையிலேயே மாதக்கணக்கில் பூட்டி நிறுத்துவது வழக்கம். அதுவரை அத்துறையில் வேலை முடங்கும். ஜென்ஹுவாவினர் பழைய கப்பல்களை வாங்கித் திருத்தித் தமக்கென ஒரு கப்பற்கூட்டம் அமைத்துக்கொண்டு, முழுமையாகப் பூட்டிய யந்திரத்தையே கொண்டுபோய்க் கரையிறக்கத் தொடங்கினர். வாங்குபவனுடைய தலைவலி எதுவென்று கண்டறிந்து அதைத் தம் தலையில் ஏற்றுக்கொண்டார்கள். வியாபாரத்தில் இதைவிடப் பெரிய சூட்சுமம் வேறில்லை.

நம் நாட்டில் கனரக யந்திரத் தொழிலே இல்லை என்று எண்ணிவிடலாகாது. பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்ட பாரத் எர்த் மூவர்ஸ் 1964-லேயே அரசுத் துறையில் தோன்றியது. மண்தள்ளும் யந்திரங்களையும் சுரங்க லாரிகளையும் செய்கிறது. சென்னையை அடுத்த திருவள்ளூரில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் நிறுவிய ஆலை பின்னர் அமெரிக்கக் கேட்டர்பில்லர் வசமாயிற்று. ஒரகடத்தில் ஜப்பானியக் கொமாட்சுவின் ஆலை இருக்கிறது. உலகின் முதல் இரு போட்டியாளர்களும் தமிழ்நாட்டில் ஒரே மாவட்டத்துக்காரர்போல் அண்டை அயலில் தொழில் செய்கிறார்கள்! ஆயினும் துறைமுகத்தின் மாபெரும் பாரந்தூக்கி என்றால் நாம் பெரும்பாலும் கடல் கடந்தே கை நீட்டுகிறோம். ஒவ்வொரு துறைமுகமும் தன் தேவைக்குத் தனித்தனியே விலை கேட்டு வாங்கும்வரை, அதை நம்பி இங்கே எவரும் பட்டறை போடத் துணியார் என்பது என் கருத்து.

இதில் ஒரு விந்தையும் உண்டு. இதே விழிஞ்ஞத் திட்டத்தை 2006-இல் ஏற்க முன்வந்த ஒரு கூட்டு நிறுவனத்தில் சீனப் பங்காளிகள் இருந்தமையால், பாதுகாப்பைக் காட்டி மத்திய அரசு அனுமதி மறுத்தது. பின்னர் 2015-இல் அதானி குழுமத்துடன் ஒப்பந்தம் ஆயிற்று. யந்திரமோ சீனத்திலிருந்தே வந்தது. அமெரிக்காவுக்கும் இதே சங்கடம். தன் துறைமுகங்களில் நிற்பவற்றுள் பெரும்பாலானவை சீனப் பாரந்தூக்கிகள் என்று கண்டு அஞ்சி, 2024-இல் அவற்றுக்கு 25 சதவீதத் தீர்வை விதித்தது.

கொழும்பிலும் சிங்கப்பூரிலும் வாழும் நம்மவர்க்கு இவ்விஷயம் வீட்டுச் செய்தி போன்றது. இந்தியாவுக்கு உரிய பெட்டிகளில் பெரும் பங்கு அவ்விரு துறைகளிலும் மலேயாவின் கிள்ளானிலும் கப்பல் மாறியே வந்து சேர்ந்தது. அப்பிழைப்பில் ஒரு பங்கைத் தன் பக்கம் இழுக்கவே விழிஞ்ஞம் எழுந்தது. கரையருகிலேயே சுமார் 20 மீட்டர் இயற்கை ஆழம். சர்வதேசக் கப்பற்பாதையோ சுமார் 10 கடல்மைல் தூரத்தில். 2025 மே 2-இல் பிரதமர் துறைமுகத்தை நாட்டுக்கு அர்ப்பணித்தார். அடுத்த மாதமே 24,346 பெட்டிகள் கொள்ளும் எம்.எஸ்.சி. இரினா என்னும் பெருங்கப்பல் வந்து அணைந்தது. ஏறத்தாழ 400 மீட்டர் நீளமும் 61 மீட்டர் அகலமும் உள்ள அக்கப்பலின் மறுகோடிப் பெட்டியையும் எட்டிப் பிடிக்க வேண்டுமானால், பாரந்தூக்கியின் கை எத்துணை நீளம் இருக்கவேண்டும் என்று வாசகர்களே எண்ணிப் பார்க்கலாம்.

இந்த வளர்ச்சிக்கு விலை கொடுத்தவர்களும் உண்டு. கடலரிப்பால் வீடு இழந்ததாகவும் தொழில் குன்றியதாகவும் முறையிட்ட மீனவ மக்கள் 2022 ஆகஸ்டு முதல் டிசம்பர் வரை துறைமுக வாயிலில் போராடினார்கள். அவர்கள் குறை அனைத்தும் தீர்ந்துவிட்டது என்று எழுத என் பேனா துணியவில்லை. ஆனால் அதே கரையில் மற்றொன்றும் நடந்தது. முற்றத்துப் பாரந்தூக்கிகளைக் கட்டுப்பாட்டு அறையிலிருந்தே இயக்கும் பணிக்கு அவ்வட்டாரப் பெண்கள் பயிற்சி பெற்றார்கள். மீனவக் குடும்பத்துப் பெண்களும் அவர்களுள் இருக்கிறார்கள். திரையைப் பார்த்தபடி, கைப்பிடியைச் சற்றே அசைத்து, பல டன் எடையுள்ள பெட்டியை மற்றொன்றின் தலைமேல் பிசகாமல் அவர்கள் இறக்கி வைக்கிறார்கள்.

எஞ்சிய கட்டங்களை 2028 டிசம்பருக்குள் முடிக்கவேண்டும் என்பது மாநில அரசோடு செய்த துணை ஒப்பந்தம். அப்போது துறை நீளும். பாரந்தூக்கிகளும் மேலும் பல வேண்டியிருக்கும்.