நேர்த்திக்கடனும் தெய்வ ஆணையும்: குலசேகரன்பட்டினத் தசராவை முன்வைத்து

அறக்கடமைக்கு இறைவனின் ஆணை அடிப்படையாகுமா என்பது மெய்யியலின் பழைய வினாக்களுள் ஒன்று. தெய்வங்கள் விரும்புவதால் ஒரு செயல் புனிதமாகிறதா, புனிதமாக இருப்பதால் அவை விரும்புகின்றனவா எனப் பிளேட்டோவின் ‘யூத்திஃப்ரோ’ வினவுகிறது. முன்னதை அறத்திற்கும் பொருத்தினால், ஆணையிடப்பட்ட கொடுமையும் கடமையாகிவிடும். பின்னதைப் பொருத்தினால், அறம் ஆணைக்கு முற்பட்டதாகும்.

சைவ சித்தாந்தம் இவ்விரண்டினின்றும் வேறுபட்ட விடையைத் தருகிறது. செயலின் நன்மை தீமையை அடியவரின் இறையன்பே உறுதிசெய்கிறது என்பது சிவஞான சித்தியாரின் கருத்து. தக்கனின் வேள்வி தீமையானதையும், தந்தையின் தாளை வெட்டிய சண்டேசுரரின் செயல் நன்மையானதையும் அருணந்தி சிவாசாரியார் சான்றாக்குகிறார். ஆயினும் சண்டேசுரருக்கு அவ்வாறு செய்யுமாறு ஆணை எதுவும் பிறக்கவில்லை. அவரை இயக்கியது அன்பே.

நாட்டார் வழிபாடு மற்றொரு வழியைக் காட்டுகிறது. தூத்துக்குடி மாவட்டம் குலசேகரன்பட்டினம் முத்தாரம்மன் கோயில் தசராவில், நோய் நீங்கவும் மக்கட்பேறு வாய்க்கவும் நேர்ந்துகொண்டோர் மாலையணிந்து விரதமிருப்பர். காப்புக் கட்டிக் காளி, குறவன், குறத்தி முதலிய வேடங்கள் பூண்டு, வீடுதோறும் காணிக்கை பெற்றுக் கோயிலில் செலுத்துவர். பத்தாம் நாள் இரவு கடற்கரையில் மகிசாசுர சம்காரம் நிகழும்.

வேடம் பூணுதல் எல்லோருக்கும் உரிய கடமையன்று. நேர்ந்தவருக்கு மட்டுமே உரியது. வேண்டுதல் நிறைவேறினால் செலுத்துவதாக நேர்ந்தவருக்கு, அது நிறைவேறாதவரை கடன் பிறப்பதில்லை. எனவே இக்கடமையின் தோற்றுவாய் அம்மனின் ஆணையன்று. நேர்ந்தவர் கொடுத்த வாக்கு. அவ்வாக்கை ஏன் காக்க வேண்டும் என்பதற்கு ‘அம்மன் ஆணை’ என விடையிறுப்பின், அவ்வாணையை ஏன் ஏற்க வேண்டும் என்னும் வினா மீண்டும் எழும். வாய்மையும் நன்றியறிதலும் முன்னரே அறமாக இருந்தாலன்றி இத்தொடர் முடிவுறாது.

இதனால் தெய்வம் தேவையற்றதாகிவிடாது. கடன் என்பது ஒருவருக்குப் பட்டிருப்பது. பெறுவோர் இன்றிக் கடன் இல்லை. நேர்த்திக்கடனில் அம்மன் சட்டம் விதிப்பவளாக அன்றி, கடனுக்கு உரியவளாக நிற்கிறாள். இவ்வேறுபாடு கொடுமை பற்றிய சிக்கலையும் தீர்க்கிறது. தமக்குரிய உழைப்பையும் பசியையும் ஒருவர் நேர்ந்துகொள்ளலாம். பிறரது உயிரையோ உரிமையையோ நேர்ந்துகொள்ள எவருக்கும் உரிமையில்லை. ஆணைக்கு வெளியிலிருந்து வரும் இவ்வரம்பே நேர்த்திக்கடனை அறத்திற்குள் நிறுத்துகிறது.