லூப்பை நிற்க வைக்காதீர்கள்

சர்வர் மெதுவாகிவிட்டது என்று புகார் வந்தால் எல்லாரும் முதலில் திறப்பது சிபியு கிராஃபைத்தான். அது அடியோடு படுத்துக் கிடக்கும். மெமரி தாராளமாக இருக்கும். டேட்டாபேஸும் சும்மா இருக்கிறேன் என்று சொல்லும். ஆனால் ஒரு பக்கம் திறக்கப் பத்து வினாடி ஆகும். பைதானில் ஏசிங்க் முறையில் எழுதிய சர்வர் என்றால், இந்த அறிகுறிகளைக் கேட்டதுமே நான் ஒன்றைத்தான் சந்தேகப்படுவேன்: எங்கேயோ ஒரு வரி லூப்பை நிறுத்தி வைத்திருக்கிறது.

வேலைக்குப் புதிதாகச் சேரும் பிள்ளைகள் டீ இடைவேளையில் இதைப் பற்றித்தான் அதிகம் கேட்கிறார்கள். "எல்லா ஃபங்ஷனுக்கும் முன்னால் ஏசிங்க் போட்டிருக்கிறேன் சார், அப்புறம் ஏன் நிற்கிறது?" நியாயமான கேள்வி. அவசரமில்லாமல் அடியிலிருந்து பார்ப்போம்.

ஏசிங்க் முறைக்காகப் பைதானிலேயே இருக்கும் லைப்ரரியான ஏசிங்க்ஐஓ 2014இல் பைதான் 3.4உடன் வந்தது. ஏசிங்க், அவெய்ட் என்ற இரண்டு சொற்களும் அடுத்த ஆண்டு 3.5இல் சேர்ந்தன. ஏசிங்க்ஐஓவின் நடுவில் இருப்பது ஈவென்ட் லூப். அது ஓடுவது ஒரே ஒரு த்ரெட்டில். கூட்டம் மொய்க்கும் மளிகைக் கடையில் கல்லாவில் இருக்கும் அண்ணாச்சியை நினைத்துக்கொள்ளுங்கள். சீட்டை வாங்கி உள்ளே இருக்கும் பையனிடம் கொடுத்துவிட்டு அடுத்தவரைக் கவனிப்பார். பொருள் வந்ததும் பில் போடுவார். அவர் ஒருவரே அத்தனை பேரையும் சமாளிப்பதற்குக் காரணம், எதற்காகவும் இடத்தைவிட்டு எழுந்திருக்காததுதான். ஒரு மூட்டைக்காக அவரே பரணில் ஏறிவிட்டால், சோப்பு மட்டும் வாங்க வந்தவரும் நிற்க வேண்டியதுதான்.

அவெய்ட் என்பது சீட்டை உள்ளே கொடுக்கும் இடம். 'நான் இதற்காகக் காத்திருக்கிறேன், நீ அடுத்த வேலையைப் பார்' என்று லூப்பிடம் ஒரு டாஸ்க் சொல்வது அங்கேதான். ஒரு அவெய்ட்டிலிருந்து அடுத்த அவெய்ட் வரை நடுவில் வேறு யாருக்கும் முறை வராது. ஏசிங்க் என்று எழுதிவிட்டு உள்ளே சாதாரண ரிக்வெஸ்ட்ஸ் லைப்ரரியின் கெட் அழைப்பை வைத்தால், எதிர்முனை பதில் சொல்லும் வரை மொத்த சர்வரும் நிற்கும். அழைப்புக்கு முன்னால் ஏசிங்க்ஐஓ.ஸ்லீப்(0) என்று ஒரு வரி போட்டுச் சரிசெய்ததாக நினைப்பவர்கள் உண்டு. அது மற்றவர்களுக்கு ஒரே ஒரு முறை கொடுக்கும். அடுத்த வரியில் பழைய கதைதான்.

சொல்லிப் புரிவதைவிட ஓட்டிப் பார்த்தால் சட்டென்று புரியும். இரண்டு சின்ன ஃபங்ஷன் எழுதுங்கள். முதலாவது, 0.1 வினாடிக்கு ஒரு முறை நேரத்தை அச்சிட்டுக்கொண்டே இருக்கட்டும். நடுவே காத்திருக்க ஏசிங்க்ஐஓ.ஸ்லீப். இரண்டாவது, டைம்.ஸ்லீப்(2) என்று ஒரே வரி. இரண்டையும் சேர்த்து ஓட்டினால், வரிசையாக வர வேண்டிய நேரங்கள் இரண்டு வினாடி அப்படியே நின்று, பிறகுதான் வரத் தொடங்கும். இப்போது அந்த ஒற்றை வரியை, அவெய்ட் ஏசிங்க்ஐஓ.டு_த்ரெட்(டைம்.ஸ்லீப், 2) என்று மாற்றுங்கள். அதே இரண்டு வினாடி, அதே ப்ளாக் செய்யும் ஃபங்ஷன். ஆனால் நேரங்கள் தடையில்லாமல் வந்துகொண்டே இருக்கும். தூங்குவது இப்போது வேறொரு த்ரெட். லூப் தன் பாட்டுக்கு ஓடுகிறது.

இந்த வரியில் கமா இருக்கும் இடத்தைக் கவனியுங்கள். ஃபங்ஷனின் பெயரையும் அதற்கான எண்ணையும் தனித்தனியாகக் கொடுக்க வேண்டும். பழக்கதோஷத்தில் டைம்.ஸ்லீப்(2) என்று அடைப்புக்குறியோடு உள்ளே எழுதினால், அது முதலில் லூப்பிலேயே ஓடி இரண்டு வினாடியைத் தின்றுவிடும். திரும்பி வந்த 'நன்' மதிப்பை டு_த்ரெட் அழைக்கப் போய், அழைக்க முடியாத பொருள் என்று எரர் வரும். புதியவர்கள் பெரும்பாலும் இங்கேதான் தடுக்கி விழுகிறார்கள்.

டு_த்ரெட் வந்தது 2020இல், பைதான் 3.9இல். அதற்கு முன்பும் இதே வேலைக்கு ரன்_இன்_எக்ஸிக்யூட்டர் இருந்தது, இன்றும் இருக்கிறது.

நடைமுறையில் எது ப்ளாக் செய்யும்? நெட்வொர்க் அழைப்பு என்றால் எல்லாருக்கும் உடனே தோன்றிவிடும். தோன்றாதது பாஸ்வேர்டு சரிபார்ப்பு. அதற்குப் பயன்படும் பீகிரிப்ட் லைப்ரரியின் இயல்பான ரவுண்ட்ஸ் அளவு 12. சாதாரண சர்வரில் ஒரு பாஸ்வேர்டைச் சரிபார்க்கக் கால் வினாடி அளவுக்கு ஆகும். திருடன் வேகமாக முயன்று பார்க்கக் கூடாது என்பதற்காகவே மெதுவாகச் செய்யப்பட்டது அது. காலை ஒன்பது மணிக்கு இருபது பேர் ஒரே நேரத்தில் லாகின் செய்தால், லூப் ஐந்து வினாடி அடைபட்டுக் கிடக்கும். அந்த ஐந்து வினாடியில் அவதிப்படுவது லாகின் செய்பவர்கள் மட்டுமல்ல, ஏற்கெனவே உள்ளே வேலை செய்துகொண்டிருப்பவர்களும்தான். குபெர்னெட்டிஸில் ஓடும் சர்வர் என்றால் இன்னொரு ஆபத்தும் உண்டு. உயிரோடு இருக்கிறாயா என்று அது கேட்கும் கேள்விக்கு, வேறு அளவு நாம் சொல்லாவிட்டால், ஒரு வினாடிக்குள் பதில் போக வேண்டும். தொடர்ந்து மூன்று முறை தவறினால் கன்டெய்னரை நிறுத்தி மறுபடி கிளப்பிவிடும். நல்ல சர்வர், செத்துவிட்டதாகக் கணக்கெழுதப்படும்.

டிஸ்க்கில் உள்ள ஃபைலைப் படிப்பதும் இந்த வகைதான். லினக்ஸின் ஈபோல் வசதி சாதாரண ஃபைலைக் கண்காணிக்க ஒத்துக்கொள்ளாது. ஏஐஓஃபைல்ஸ் போன்ற லைப்ரரிகளும் உள்ளுக்குள் த்ரெட்டிடம்தான் வேலையைத் தள்ளுகின்றன. சில கிலோபைட் உள்ள கான்ஃபிக் ஃபைலை நேரடியாகப் படித்தால் ஒன்றும் குடிமுழுகிவிடாது. நெட்வொர்க் டிஸ்க்கில் இருக்கும் பெரிய ஃபைலை அப்படிப் படிக்காதீர்கள்.

ஃபாஸ்ட்ஏபிஐ பயன்படுத்துபவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. அதில் சாதாரண டெஃப் என்று எழுதிய ரூட்டை ஃப்ரேம்வொர்க்கே த்ரெட்டுக்கு அனுப்பிவிடும். ஒரே நேரத்தில் 40 வரை. ஏசிங்க் டெஃப் என்று எழுதியதை லூப்பிலேயே ஓட்டும். ஆக, ப்ளாக் செய்யும் ரூட்டுக்கு முன்னால் 'வேகமாக இருக்கட்டும்' என்று ஏசிங்க் சேர்த்தால், ஒழுங்காக ஓடியதை நாமே கெடுத்ததாகிவிடும். உள்ளே அவெய்ட் எதுவும் இல்லையென்றால் ஏசிங்க் போடாதீர்கள்.

சரி, எல்லாவற்றையும் த்ரெட்டில் தள்ளிவிட்டால் முடிந்ததா? இல்லை. உண்மையான கவனம் தேவைப்படுவது இதற்குப் பிறகுதான்.

டு_த்ரெட் வேலை கொடுக்கும் த்ரெட்பூலில் இருப்பது, கோர்களின் எண்ணிக்கையோடு நான்கைக் கூட்டிய அளவு த்ரெட். எவ்வளவு கூடினாலும் 32. நான்கு கோர் இயந்திரத்தில் எட்டே த்ரெட். ரிக்வெஸ்ட்ஸ் லைப்ரரிக்கு நாம் சொல்லாமல் டைம்அவுட் கிடையாது. எதிர்முனையில் பதில் சொல்லாத ஒரு சர்வர் இருந்தால், எட்டு அழைப்பில் எட்டு த்ரெட்டும் சிக்கிக்கொள்ளும். ஒன்பதாவது வேலை வரிசையில் நிற்கும், சத்தமே இல்லாமல். அதோடு போகாது. ஏசிங்க்ஐஓ ஒரு டொமைன் பெயரின் ஐபி முகவரியைத் தேடுவதும் இதே பூலில்தான். அதனால் ஒழுங்காக ஏசிங்க்கில் எழுதிய வேறு நெட்வொர்க் அழைப்புகளும்கூட முகவரி கிடைக்காமல் நின்றுபோகும். தொந்தரவு தரக்கூடிய வெளி அழைப்புகளுக்கென்று தனியாக ஒரு த்ரெட்பூல் வைத்து, அதை ரன்_இன்_எக்ஸிக்யூட்டருக்குக் கொடுப்பதுதான் என் வழக்கம். அது அடைபட்டாலும் மற்றவை ஓடும்.

அடுத்தது கேன்சல். டு_த்ரெட்டைச் சுற்றி வெய்ட்_ஃபார் போட்டு ஐந்து வினாடி கெடு வைக்கலாம். கெடு முடிந்ததும் உங்கள் ஏசிங்க் ஃபங்ஷனுக்கு டைம்அவுட் எரர் வரும், பயனருக்குப் பதிலும் போய்விடும். ஆனால் அந்த த்ரெட் உள்ளே இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கும். பைதானில் ஓடும் த்ரெட்டை வெளியிலிருந்து நிறுத்த வழியில்லை. அது பணம் அனுப்பும் அழைப்பாக இருந்தால் யோசித்துப் பாருங்கள்: 'தோல்வி, மறுபடி முயலுங்கள்' என்று திரையில் காட்டிவிட்டோம், பின்னால் பணம் போய்ச் சேர்ந்துவிட்டது, பயனர் மறுபடியும் அழுத்துகிறார். ஆகவே கெடுவை ப்ளாக் செய்யும் லைப்ரரிக்கு உள்ளேயே வைக்க வேண்டும்: ரிக்வெஸ்ட்ஸின் டைம்அவுட், டேட்டாபேஸ் டிரைவரின் டைம்அவுட். வெளிக் கெடு அதைவிடக் கொஞ்சம் அதிகமாக இருக்கட்டும். இதில் நான் யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை.

மூன்றாவது, இரண்டு த்ரெட் ஒரே பொருளைத் தொடுவது. லூப்புக்குள் மட்டும் இருந்தவரை, ஒரு அவெய்ட்டுக்கும் அடுத்ததற்கும் நடுவே லிஸ்ட்டை வேறு யாரும் மாற்ற மாட்டார்கள் என்று நிம்மதியாக இருந்தோம். த்ரெட் வந்ததும் அந்த நிம்மதி போய்விடும். ஏசிங்க்ஐஓவின் க்யூ, லாக் எதுவும் த்ரெட்டிலிருந்து தொடுவதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. த்ரெட்டிலிருந்து நேரடியாக க்யூவில் ஒன்றைப் போட்டால், சில சமயம் பொருள் உள்ளே இருக்கும், அதற்காகக் காத்திருக்கும் டாஸ்க் மட்டும் எழுந்திருக்காது. வேறு ஏதாவது காரணத்துக்காக லூப் விழிக்கும்போதுதான் அதுவும் எழும். போக்குவரத்து அதிகமான பகலில் பிழை தெரியாது; யாரும் வராத இரவில் தெரியும். கால்_சூன்_த்ரெட்சேஃப் வழியாகப் போட்டால் லூப் உடனே விழிக்கும். இன்னும் நல்லது, த்ரெட்டுக்குத் தேவையானதைக் கொடுத்து அனுப்பி, அது திருப்பித் தரும் மதிப்பை மட்டும் வாங்கிக்கொள்வது.

சிபியுவை அரைக்கும் வேலை வேறு கணக்கு. சுத்தமான பைதானில் எழுதிய கனமான கணக்கை த்ரெட்டில் தள்ளினாலும், வழக்கமான பைதானில் ஓடும் த்ரெட் கையில் வைத்திருக்க வேண்டிய ஜில் பூட்டு ஒன்றே ஒன்று என்பதால் லூப்பும் அதுவும் மாறி மாறித்தான் ஓடும், எல்லாம் இழுத்தடிக்கும். அதற்கு ப்ராசஸ்பூல்தான் சரி. கொடுப்பதும் வாங்குவதும் பிக்கிள் முறையில் பைட்டுகளாக மாறிப் போய் வரும் என்பதால், பெரிய டேட்டாவை அள்ளி அனுப்பாமல் ஃபைலின் பாதையை மட்டும் அனுப்புங்கள். மேலே சொன்ன பீகிரிப்ட், கணக்கிடும்போது பூட்டைத் திறந்துவிடுவதால் அதற்கு த்ரெட்டே போதும்.

மற்ற மொழிகளிலும் இதே சிக்கல்தான். ரஸ்ட்டின் டோக்கியோவில் ஸ்பான்_ப்ளாக்கிங் இருக்கிறது. அதன் பூல் 512 வரை போகும். நோட்.ஜேஎஸ் பூலில் நாமாக மாற்றாதவரை நான்கே த்ரெட். அதில் பாஸ்வேர்டு கணக்கு, ஃபைல், டிஎன்எஸ் தேடல் எல்லாம் முட்டி மோதும்.

இத்தனையையும் படித்துவிட்டு, உடனே எல்லா லைப்ரரியையும் ஏசிங்க் வகைக்கு மாற்றக் கிளம்ப வேண்டாம். பல ஆண்டு அடிபட்டுத் தேறிய ஒரு லைப்ரரியை டு_த்ரெட்டில் ஓட்டுவது, நேற்று வந்த ஏசிங்க் லைப்ரரியை நம்புவதைவிடப் பல நேரம் பாதுகாப்பானது. எது லூப்பை நிறுத்துகிறது என்று முதலில் கண்டுபிடியுங்கள். ஏசிங்க்ஐஓ.ரன் அழைப்பில் டீபக்=ட்ரூ என்று சேர்த்தால் போதும்; 100 மில்லிவினாடிக்கு மேல் லூப்பைப் பிடித்து வைத்த ஒவ்வொரு டாஸ்க்கும் பெயரோடும் நேரத்தோடும் லாகில் வந்துவிடும். இந்த வாரமே டெஸ்ட் சர்வரில் ஒரு நாள் அப்படி ஓட விட்டுப் பாருங்கள். அதிக நேரம் பிடித்ததை முதலில் எடுங்கள், அதற்குள் டைம்அவுட் இருக்கிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் அதை வைத்துவிட்டு அப்புறம் த்ரெட்டுக்கு அனுப்புங்கள்.