சிறு வட்டில் நெடும்படம்

மூன்று மணி நேரம் நடைபெற்ற நாடகம் ஒன்றை ஒருவர் வீடியோவாகப் பதிவு செய்துள்ளார் எனக் கொள்வோம். அதனை ஒரே டி.வி.டி. வட்டில் அடக்கித் தருமாறு நண்பர்கள் கேட்கின்றனர். வட்டோ 12 சென்டிமீட்டர் விட்டமே உடையது. படத்தின் தெளிவு கெடாமல் அதனுள் அடக்குதல் கூடுமோ? கூடும், ஆயின், இடத்தைச் செலவிடும் முறை அறிந்திருத்தல் வேண்டும்.

1996-ஆம் ஆண்டு ஜப்பானில் முதன்முதல் விற்பனைக்கு வந்த இவ்வகை வட்டு, ஓரடுக்கு உடையதாயின் 470 கோடி பைட் கொள்ளும். எட்டுப் பிட் சேர்ந்தது ஒரு பைட். இது பேரளவாகத் தோன்றலாம். ஆனால், இந்தியத் தொலைக்காட்சி முறைக்கு ஏற்ப ஆக்கப்பட்ட டி.வி.டி.யில் படம் ஒவ்வொன்றும் குறுக்கே 720 புள்ளிகளும் நெடுக்கே 576 புள்ளிகளும் கொண்டது. நொடிக்கு 25 படங்கள் ஓடும். அவற்றைச் சுருக்காமல் அப்படியே எழுதினால் ஐந்தே நிமிடங்களில் வட்டு நிரம்பிவிடும். கட்டியங்காரன் வந்து வணக்கம் கூறி முடிப்பதற்குள் இடம் தீர்ந்துபோம்!

ஆதலின், எம்பெக்-2 என்னும் சுருக்க முறை கையாளப்படுகிறது. அரசவைக் காட்சி ஒன்றில் தூண்களும் திரையும் அசைவதில்லை. அரசனின் கை மட்டுமே அசைகிறது. முதற்படத்தை முழுமையாக எழுதிவிட்டு, அடுத்து வருவனவற்றில் மாறிய பகுதியை மட்டும் குறித்தால் போதும் அன்றோ? சிறிது இடைவெளிக்குப்பின் மீண்டும் ஒரு முழுப்படம் எழுதப்படும்.

இனிக் கணக்கிடுவோம். 470 கோடி பைட் என்பது 3,760 கோடி பிட். மூன்று மணி என்பது 10,800 நொடி. வகுத்தால், நொடிக்கு ஏறத்தாழ 34 லட்சத்து 80 ஆயிரம் பிட் கிடைக்கும். இரண்டு மணி நேரப் படமாயின் 52 லட்சம் கிடைக்கும். படம் நீள நீள, நொடிக்குரிய பங்கு குறைகிறது.

அப்பங்கிலிருந்தே ஒலிக்கும் இடம் தர வேண்டும். பலர் இதனை மறந்துவிடுகின்றனர். சுருக்காத இருதட ஒலி நொடிக்குப் பதினைந்து லட்சம் பிட்டுக்கு மேல் விழுங்கும். நம் பங்கில் அது பாதிக்குச் சற்றே குறைவு! டால்பி முறையில் சுருக்கினால் இரண்டு லட்சத்திற்குள் முடிந்துவிடும். எஞ்சியது முழுவதும் படத்திற்கு ஆகும்.

அவ்வெச்சத்தை எல்லா நொடிக்கும் ஒரே அளவாகப் பங்கிடுதல் தக்கதன்று. அரசன் அமர்ந்து பேசும்போது சில பிட்டே போதும். போர்க்காட்சியில் கூத்தர் சுழன்றாடும்போது மிகுதியாக வேண்டும். ஆகவே, கணிப்பொறியை இருமுறை படத்தை ஆராயச் செய்வர். முதன்முறை அது எந்தக் காட்சி கடினமானது என்று குறித்துக்கொள்ளும். இரண்டாம் முறையே எழுதும். மொத்த அளவு மாறாது. தெளிவோ வேண்டிய இடத்தில் நிற்கும்.

படம் பிடிக்கும்போதே செய்ய வேண்டுவனவும் உள. கருவி கையில் நடுங்கினால் அசையாத தூணும் அசைவதாகிவிடும். இருளில் பிடித்த படத்தில் தோன்றும் புள்ளிப் பொரிகளையும் கணிப்பொறி அசைவென்றே கொள்ளும், பிட்டுகள் வீணாகும். முக்காலியும் நல்ல விளக்கும் இவ்விரண்டையும் தவிர்க்கும். மேலும், ஒருமுறை சுருக்கியதை மீண்டும் சுருக்கலாகாது. முதற்சுருக்கத்தில் நீங்கிய நுண்மை திரும்ப வாராது. இரண்டாம் சுருக்கம் மேலும் சிலவற்றை நீக்கும். மூலப்பதிவை அழிக்காமல் வைத்திருந்து, அதிலிருந்தே சுருக்குதல் வேண்டும்.

இத்துணை செய்தும் தெளிவு போதாதாயின், 850 கோடி பைட் கொள்ளும் ஈரடுக்கு வட்டை நாடலாம். அதனைப் பழைய கருவிகள் சில ஏற்பதில்லை. இரண்டு வட்டுகளாகப் பிரித்தலிலும் இழிவு ஏதும் இல்லை. ‘தி லார்டு ஆஃப் தி ரிங்ஸ்’ திரைப்படத்தின் முதற்பகுதி, 208 நிமிட விரிவுப் பதிப்பாக 2002-ஆம் ஆண்டு வெளிவந்தபோது, படம் மட்டுமே இரண்டு டி.வி.டி.களில் அமைந்தது. நம் நாடகத்திற்கு இடைவேளை இருந்திருப்பின், வட்டை மாற்ற அதுவே ஏற்ற இடமாகும்.