மயக்கத்தில் இருக்கும்போது கண்ணுக்குள் இறங்கும் கிருமிநாசினி

கழுத்திலோ காதிலோ தலையிலோ ஆபரேஷன் முடிந்து கண் விழித்தவருக்கு ஒரு கண் சிவந்து, உறுத்தி, நீராகக் கொட்டினால், “மயக்க மருந்து கொடுத்ததால் இருக்கும், ரெண்டு நாளில் சரியாகிவிடும்” என்று பக்கத்தில் இருப்பவர்கள் சொல்வார்கள். பெரும்பாலும் அப்படித்தான் ஆகும். மயக்கத்தில் இமை முழுக்க மூடாமல் கண் காய்ந்து, கருவிழியின் மேல்தோல் சற்று உரிந்திருக்கும், தானே ஆறிவிடும். அபூர்வமாகச் சிலருக்குக் காரணம் வேறு. கத்தி வைப்பதற்கு முன் தோலில் தடவிய கிருமிநாசினி வழிந்து கண்ணுக்குள் போயிருக்கும். இது ரெண்டு நாளில் சரியாகிவிடும் என்று விட்டுவிடக்கூடிய விஷயமில்லை.

விழித்திருக்கும்போது கண்ணில் ஒரு துளி ஷாம்பு பட்டாலே இமை இறுக மூடிக்கொள்கிறது, கண்ணீர் பெருகுகிறது, நாம் குழாயடிக்கு ஓடுகிறோம். முழு மயக்கத்தில் இந்தக் காவல் எதுவும் கிடையாது. இமை சிமிட்டாது, கண்ணீர் சுரப்பது குறையும், எரிச்சலை உணரவும் முடியாது, சொல்லவும் முடியாது. முகத்தின் மேல் பச்சைத் துணியைப் போர்த்திவிட்டால் கண் யார் பார்வைக்கும் படாது. உள்ளே போன மருந்து ஆபரேஷன் முடியும்வரை, சில சமயம் மணிக்கணக்கில், அங்கேயே தேங்கி நிற்கும். குப்புறவோ பக்கவாட்டிலோ படுக்க வைத்துச் செய்யும் ஆபரேஷன்களில் அது கண் பக்கம் வழிந்தோட வழி இன்னும் சுலபம்.

தியேட்டரில் புழங்கும் கிருமிநாசினிகள் முக்கியமாக மூன்று வகை. பெட்டாடின் என்ற பெயரில் நமக்குப் பழக்கமான போவிடோன் அயோடின், குளோர்ஹெக்சிடின், பிறகு ஸ்பிரிட். பல தயாரிப்புகளில் ஸ்பிரிட்டோடு மற்ற இரண்டில் ஒன்றைக் கலந்திருப்பார்கள். வீட்டு அலமாரியில் இருக்கும் சாவ்லானிலும் குளோர்ஹெக்சிடின் உண்டு, கூடவே செட்ரிமைடும் உண்டு.

கண்ணைப் பொறுத்தவரை பெரிய வில்லன் குளோர்ஹெக்சிடின்தான். தோலுக்கு அது அருமையான மருந்து; தடவிய இடத்தில் ஒட்டிக்கொண்டு நீண்ட நேரம் கிருமியைத் தடுக்கும். கண்ணில் அந்த ஒட்டும் குணமே வினையாகிறது. கழுவினாலும் முழுவதும் போகாமல் திசுவில் தங்கி வேலை செய்துகொண்டிருக்கும். 1980களில் அமெரிக்காவில், முகத்தைச் சுத்தம் செய்யப் பயன்படுத்திய 4 சதவீதக் குளோர்ஹெக்சிடின் கண்ணில் பட்டுக் கருவிழி வீங்கிய நோயாளிகளைப் பற்றி மருத்துவ இதழ்களில் வரிசையாகக் கட்டுரைகள் வந்தன. சிலருக்குக் கருவிழியையே மாற்ற வேண்டியதாயிற்று. கண்ணில் பட்டுத் தங்கினால் நிரந்தரப் பாதிப்பு வரலாம் என்று இன்று அந்த மருந்தின் லேபிளிலேயே எச்சரிக்கை இருக்கிறது.

நிரந்தரம் என்று சொல்லக் காரணம் கருவிழியின் அமைப்பு. அதன் தடிமன் சுமார் அரை மில்லிமீட்டர்தான். மேலே இருக்கும் தோல் சில நாளில் புதிதாக வளர்ந்துவிடும். அடியில், ஒற்றை வரிசையாக அடுக்கிய செல்களால் ஆன ஓர் உட்படலம் இருக்கிறது. வீட்டின் அடித்தளத்தில் ஊறும் தண்ணீரை ஓயாமல் இறைத்து வெளியேற்றும் மோட்டார் மாதிரி, கருவிழிக்குள் சேரும் நீரை அந்தச் செல்கள் வெளியேற்றிக்கொண்டே இருப்பதால்தான் அது கண்ணாடியாகத் தெளிந்திருக்கிறது. இளவயதில் ஒரு சதுர மில்லிமீட்டருக்குச் சுமார் 3,000 செல்கள் இருக்கும். மனிதரில் இவை இறந்தால் அந்த இடத்தில் புதிது முளைப்பதில்லை. சில நூறுக்குக் கீழே குறைந்துவிட்டால் கருவிழி நீர் கோத்து வெளுக்கும்.

மருந்து அவ்வளவு ஆழம் போவதற்குத் துணை செய்வது அதனோடு கலந்திருக்கும் சோப்பும் ஸ்பிரிட்டும். கை கழுவவும் தோலைத் தேய்த்துக் கழுவவும் வரும் ‘ஸ்க்ரப்’ வகைகளில் நுரைக்காக டிடர்ஜென்ட் சேர்த்திருப்பார்கள். அது கருவிழியின் மேல்தோலைக் குலைத்து, மற்றதெல்லாம் உள்ளே போக வாசலைத் திறந்துவிடுகிறது. அதனால் பாட்டிலின் மேல் இருக்கும் மருந்தின் பெயரை மட்டும் பார்த்துப் பயனில்லை. எத்தனை சதவீதம், கூட என்ன கலந்திருக்கிறது என்பதுதான் முக்கியம்.

இதே போவிடோன் அயோடினை எடுத்துக்கொள்ளுங்கள். சோப்புக் கலந்த ஸ்க்ரப் கண்ணுக்கு ஆகாது. சோப்பும் ஸ்பிரிட்டும் இல்லாத 5 சதவீதக் கரைசலையோ கண்புரை ஆபரேஷனுக்கு முன் கண்ணுக்குள்ளேயே விடுகிறார்கள். சில நிமிடம் வைத்திருந்து கழுவிவிடுகிறார்கள். 1991இல் வெளியான நியூயார்க் ஆய்வு ஒன்றில், இப்படிச் செய்தபோது ஆபரேஷனுக்குப் பின் கண்ணுக்குள் சீழ் பிடிப்பது 0.24 சதவீதத்திலிருந்து 0.06 சதவீதமாகக் குறைந்தது. நாம் வில்லன் என்ற குளோர்ஹெக்சிடினும் 0.02 சதவீத அளவில் நீர்த்துவிட்டால், அகாந்தமீபா என்ற ஒட்டுண்ணி கருவிழியைத் தாக்கும்போது போடும் சொட்டு மருந்தாகிவிடும். ஒரே பெயர், 200 மடங்கு வித்தியாசம்.

தடுப்பது பெரும்பாலும் தியேட்டரில் இருப்பவர்கள் கையில். முகத்துக்கும் தலைக்கும் சோப்பும் ஸ்பிரிட்டும் கலக்காத அயோடின் கரைசலை எடுக்க வேண்டும். பஞ்சைச் சொட்டச் சொட்ட நனைக்கக் கூடாது. மயக்கம் கொடுத்த உடனே இமையை மூடி, நீர் புகாத டேப் ஒட்ட வேண்டும். காகித டேப் மருந்தில் நனைந்தால் அதைக் கண்ணோடு சேர்த்துப் பிடித்துவைத்துக்கொள்ளும். பாதுகாப்பென்று ஒட்டியதே தொல்லையாகும். மருந்தையும் சலைனையும் பெயர் எழுதாத கிண்ணங்களில் அருகருகே வைப்பது இன்னொரு பழைய தவறு. இரண்டும் நிறமற்றவையாக இருந்தால் யாருக்கு அடையாளம் தெரியும்?

கண்ணில் பட்டுவிட்டது தெரிந்தால் அந்த நொடியிலேயே கழுவ ஆரம்பிக்க வேண்டும். சலைன் சிறந்தது, இல்லையென்றால் சுத்தமான தண்ணீர் போதும். இமையைப் பிரித்துப் பிடித்துக்கொண்டு நிறைய ஊற்ற வேண்டும். கண் டாக்டர் வரட்டும் என்று அதற்காகக் காத்திருக்கக் கூடாது. வீட்டில் சாவ்லானோ டெட்டாலோ குழந்தையின் கண்ணில் தெறித்தாலும் இதே முறைதான்.

நீங்கள் நோயாளியாகப் போகும்போது கான்டாக்ட் லென்ஸைக் கழற்றிவிடுங்கள். ஏற்கெனவே கண் ஆபரேஷன் ஆகியிருந்தால் மயக்க டாக்டரிடம் சொல்லுங்கள். ஆபரேஷன் முகத்திலோ தலையிலோ கழுத்திலோ என்றால், “கண்ணை எப்படி மூடுவீங்க டாக்டர்?” என்று கேட்பதில் தப்பே இல்லை. விழித்த பிறகு வலி, மங்கல், வெளிச்சத்தைப் பார்த்தால் கூச்சம் எது இருந்தாலும் வார்டு சிஸ்டரிடம் சொல்லி, கண் டாக்டரை அன்றைக்கே பார்க்க ஏற்பாடு செய்யச் சொல்லுங்கள். கடையில் வாங்கிய சொட்டு மருந்தை நீங்களாகப் போட வேண்டாம். அதில் ஸ்டீராய்டு இருக்கலாம். வலி குறைந்துவிட்டது என்று பரிசோதனையைத் தள்ளிப்போடவும் வேண்டாம். மேல்தோல் ஆறி வலி நின்ற பிறகும், உட்படலம் கெட்டிருந்தால் வீக்கம் தொடரும்.